ஹுவாங்ஷான் மலையும் அடிவாரக் கிராமங்களும்: கணவன் மனைவியாகப் போக நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில், தெற்கு மூலையில் இருக்கிறது ஹுவாங்ஷான் மலை. அங்கிருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் ஹோங்ட்சுன், ஷீதி என்று இரண்டு பழைய கிராமங்கள். நானும் என் கணவரும் போய்வந்த செய்தி பரவியதிலிருந்து உறவினர்களும் நண்பர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் கேள்விகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி மாளவில்லை. அதனால் எல்லாவற்றையும் இங்கே ஒன்றாகத் தருகிறேன்.

சீனாவில் எத்தனையோ மலைகள் இருக்க, ஏன் ஹுவாங்ஷான்?

சீனர்களே இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். ஐந்து புனித மலைகளைப் பார்த்தவனுக்கு வேறு மலை தேவைப்படாது. ஹுவாங்ஷானிலிருந்து திரும்பியவனுக்கு அந்த ஐந்துமே தேவைப்படாது என்பார்கள். மிங் காலத்துப் பயணி ஷூ ஷியாகேயின் பெயரில் வழங்கும் கருத்து இது. அவர் 1616-இலும் 1618-இலும் இந்த மலையில் ஏறியவர். அப்போது இன்றுள்ள கற்படிகள் இல்லை, பனியில் தானே குழி வெட்டி வெட்டி ஏறினார்.

உயரத்தில் இது பெரிய மலையன்று. மிக உயர்ந்த லியன்ஹுவா சிகரமே 1,864 மீட்டர்தான். சிறப்பு அதன் வடிவத்தில் இருக்கிறது. கருங்கல் பாறை நெடுக்குவாக்கில் விரிசல் விட்டு, காலப்போக்கில் தேய்ந்து, தூண் தூணாக நிற்கிறது. மண்ணே இல்லாத அந்த விரிசல்களில் பைன் மரங்கள் வேரோடிப் பக்கவாட்டில் கிளை நீட்டியிருக்கின்றன. இவற்றுக்கு நடுவே மேகம் புகுந்துவிட்டால் சிகரங்கள் தீவுகளாகிவிடும். 17-ஆம் நூற்றாண்டில் இந்த மலையைத் திரும்பத் திரும்ப வரைந்த ஓவியர் கூட்டம் ஒன்று இருந்தது. ஷிதாவ், ஹோங்ரென், மெய் சிங் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். சீன மைத்தீட்டு ஓவியத்தில் மலை அவ்வளவு செங்குத்தாக இருப்பதை மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்கள் இங்கே வந்து பார்க்க வேண்டும்.

பழைய பெயர் யீஷான். 747-இல் தாங் பேரரசர் ஷுவான்சோங் ஆணையிட்டு இன்றைய பெயரைச் சூட்டினார். ஹுவாங் என்றால் மஞ்சள். மஞ்சள் பேரரசர் எனப்படும் புராண மன்னர் இங்கே அமுத மருந்து காய்ச்சினார் என்ற நம்பிக்கைதான் காரணம். யுனெஸ்கோ 1990-இல் இம்மலையை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது.

விசா, பயணம் எல்லாம் எப்படி?

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே சுற்றுலா விசா எடுக்க வேண்டும். 240 மணி நேரம் விசா இல்லாமல் தங்கலாம் என்று இணையத்தில் பரவும் இடைப்பயணச் சலுகைப் பட்டியலில் இந்தியாவும் இலங்கையும் இல்லை. சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விசா இன்றி 30 நாள் வரை தங்கலாம்.

ஷாங்காய் அல்லது ஹாங்சோ வரை விமானம், அங்கிருந்து அதிவேக ரயில். 2018 டிசம்பரில் ஹாங்சோ–ஹுவாங்ஷான் பாதை திறந்த பிறகு ஹாங்சோவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஷாங்காயிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரம். இறங்க வேண்டியது ஹுவாங்ஷான் வடக்கு ரயில் நிலையம். பெயரைப் பார்த்து மலை பக்கத்தில்தான் என்று எண்ண வேண்டாம். ஹுவாங்ஷான் என்பது ஒரு நகராட்சியின் பெயரும்கூட. ரயில் நிலையம் இருப்பது துன்ஷி நகரத்தை ஒட்டி. மலையடிவார ஊரான தாங்கோவுக்கு அங்கிருந்து இன்னும் ஒரு மணி நேரம் பஸ். தாங்கோவுக்கு மேல் தனியார் வாகனம் போக முடியாது, மலை நிர்வாகத்தின் பஸ்தான்.

2024 ஏப்ரலில் இன்னொரு அதிவேகப் பாதையும் வந்துவிட்டது. அதில் யீஷியான் கிழக்கு என்ற நிலையத்தில் இறங்கினால் ஹோங்ட்சுன், ஷீதி இரண்டுமே அருகில். கிராமத்தை முதலில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அது வசதி.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்? ஒரே நாளில் மலையைப் பார்க்க முடியாதா?

முடியும். கம்பிவட வண்டியில் (கேபிள் கார்) ஏறி, வரிசையில் நின்று, நெரிசலில் நடந்து, மீண்டும் வரிசையில் நின்று இறங்கலாம். அதற்குச் சீனா வரை போக வேண்டியதில்லை.

மலைமேல் ஒரு இரவு, ஹோங்ட்சுனில் ஒரு இரவு. இந்த இரண்டையும் எதற்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம். இரண்டு இடங்களிலுமே பகலில் வந்து மாலையில் போகும் கூட்டம்தான் பெரிது. அது கிளம்பிய பிறகும், மறுநாள் அது வந்துசேர்வதற்கு முன்பும் கிடைக்கும் சில மணி நேரத்துக்காகத்தான் அங்கே தங்குவது. முதல் நாள் மாலை தாங்கோவுக்கு வந்து உறங்குவது, மறுநாள் காலை மேலே போய்த் தங்குவது, மூன்றாம் நாள் இறங்கி நேரே ஹோங்ட்சுன், நான்காம் நாள் ஷீதியைப் பார்த்துவிட்டுத் துன்ஷி என்று போட்டுக்கொண்டால் மூச்சு வாங்காமல் பார்க்கலாம். கையில் இன்னொரு நாள் இருந்தால் அதை மலைக்குக் கொடுங்கள். ஒரு நாள் முழுதும் மூடுபனி கவிந்து ஒன்றும் தெரியாமல் போவது அங்கே சாதாரணம்.

எந்தப் பருவம் நல்லது?

ஆண்டில் இருநூறுக்கும் மேற்பட்ட நாள்கள் பனிமூட்டம் காணும் மலை இது. ஆகவே "தெளிவான வானம் எப்போது?" என்பதைவிட, "மழை எப்போது விட்டது?" என்று கேட்பதே பொருத்தம். மழையோ பனிப்பொழிவோ நின்ற மறுநாள் காலையில்தான் மேகக்கடல் அமைய நல்ல வாய்ப்பு. நவம்பரிலிருந்து மே வரை அது கூடுதலாகக் காணக் கிடைக்கும்.

நவம்பர் முதல் பாதியைத்தான் நான் சொல்வேன். ஹோங்ட்சுன் அருகில் தாசுவான் என்ற சிற்றூரில் மரங்கள் சிவந்து நிற்கும் காலம் அது. குளிர்காலத்தில் பைன் ஊசிகளின்மேல் பனி உறைந்து நிற்கும் அழகு தனி. நுழைவுக் கட்டணமும் 190 யுவானிலிருந்து 150 ஆகக் குறையும். ஆனால் மலைமேல் உள்ள ஸீஹாய்ப் பள்ளத்தாக்கை அப்போது மூடிவிடுவார்கள், அது பெரிய இழப்பு. அக்டோபர் முதல் வாரம், மே முதல் நாளை ஒட்டிய விடுமுறை, சீனப் புத்தாண்டு: இந்த மூன்று காலத்திலும் அந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாது.

மனைவிக்கு மூட்டுவலி. படிகள் எவ்வளவு இருக்கும்?

இந்தக் கேள்வியை எழுதியவர்கள் பெரும்பாலும் கணவர்கள். மனைவிமார் எழுதியவற்றில் மூட்டுவலி கணவருக்கு இருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கம்பிவட வண்டி ஏற்றத்தை மட்டும்தான் மிச்சப்படுத்தும், மேலே நடை முழுவதும் படிகள்தான். சமதளப் பாதை என்று ஏறக்குறைய எதுவும் இல்லை. ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் படுத்தும். கைத்தடி கட்டாயம் வேண்டும். தாங்கோவிலேயே மலிவாகக் கிடைக்கிறது.

மேலே போக மூன்று கம்பிவடப் பாதைகள் உண்டு. கிழக்கே யுன்கு, தெற்கே யூபிங், வடக்கே தைப்பிங். யுன்குவில் ஏறி, யூபிங்கில் இறங்கினால் ஒரே வழியை இரண்டு முறை நடக்காமல் முக்கியமான இடங்களையெல்லாம் தொட்டுவிடலாம். நடந்தே ஏற விரும்பினால் கிழக்குப் பாதை எளிது, இரண்டரை முதல் மூன்று மணி நேரம். தெற்குப் பாதை காட்சியில் பெரிது, களைப்பிலும் பெரிது. என் கணவர் நடந்துதான் ஏறுவேன் என்றார், நான் வண்டியில்தான் வருவேன் என்றேன். அவரவர் வழியில் போய் மேலே சந்தித்துக்கொண்டோம். மணவாழ்க்கைக்கு இது நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து.

மிகவும் முடியாதவர்களுக்கு இருவர் தோளில் சுமந்து செல்லும் மூங்கில் நாற்காலி கிடைக்கும். ஏறி உட்காரும் முன் விலையைப் பேசி, எந்த இடம் வரை என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். 1979 ஜூலையில் சீனத் தலைவர் டெங் சியாவோபிங் தம் 75-ஆவது வயதில் இந்த மலையில் நடந்தே ஏறினார் என்று அங்குள்ளவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். சுற்றுலாவுக்கு மலையைத் திறந்துவிட வேண்டும் என்று அவர் பேசியதும் அப்போதுதான். அந்தக் கதையைக் கேட்டு யாரும் முழங்காலைச் சோதிக்க வேண்டாம்.

மலைமேல் விடுதிகள் எப்படி? ஏன் அவ்வளவு விலை?

பெய்ஹாய், ஸீஹாய், ஷிலின், பாய்யுன், யூபிங்லோ என்று சில விடுதிகள் உள்ளன. அறை நன்றாகவே இருக்கும்; கீழே அதே தரத்துக்குக் கொடுப்பதைப் போலப் பல மடங்கு கொடுக்க வேண்டும். முதலில் எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. படிகளில் சுமைதூக்கிகளைப் பார்த்த பிறகு பேசாமல் கொடுத்தேன். அரிசி, காய்கறி, தண்ணீர்ப் புட்டி, சலவைக்குப் போய்வரும் படுக்கை விரிப்பு என்று பலவும் தோள்கம்பின் இருமுனையிலும் தொங்க, படிப்படியாக மேலே வருகின்றன. சுமப்பவர் கையில் ஒரு முட்டுக்கோல். இளைப்பாறும்போது அதைத் தோள்கம்புக்கு முட்டுக்கொடுத்து, சுமையை இறக்காமலே நின்றுகொள்வார்கள். அவர்கள் வரும்போது படியின் ஓரத்துக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும்.

இருவருக்குமான மாற்றுடையை ஒரு சிறு பையில் எடுத்துக்கொண்டு பெரிய பெட்டிகளைத் தாங்கோ விடுதியிலேயே வைத்துவிடுங்கள். மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளலாம். தின்பண்டமும் மழைச்சட்டையும் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

சூரிய உதயத்துக்குப் பெய்ஹாய் அருகில் உள்ள சிங்லியாங் மேடையும் குவாங்மிங் சிகரமும் புகழ்பெற்றவை. நல்ல இடம் பிடிக்க இருட்டிலேயே கிளம்ப வேண்டும். கனமான மேலங்கியைப் பல விடுதிகள் தருகின்றன. வெளிச்சம் இல்லாத படிகளில் கைபேசி விளக்கை நம்பாமல் ஒரு சிறு கைவிளக்கு கொண்டுபோவது நல்லது.

மேலே கட்டாயம் பார்க்க வேண்டியது எது, விடக்கூடியது எது?

நேரம் குறைவு என்றால் ஸீஹாய்ப் பள்ளத்தாக்கு ஒன்றுக்கே கொடுங்கள். செங்குத்துப் பாறையின் விலாவில் ஒட்டவைத்த படிகளில் வளைந்து வளைந்து இறங்க வேண்டும். கூட்டம் இங்கே பாதியாகக் குறைந்துவிடும். அடிவரை இறங்கியவர்களை மேலே ஏற்றிவிட இழுவை ரயில் ஒன்று இருக்கிறது. அதை நம்பித்தான் நான் இறங்கினேன். உயரம் கண்டு தலை சுற்றுபவர்கள் மேல் வளையத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

அடுத்தது ஷிஷின் சிகரம். பைன் மரங்களும் பாறைத் தூண்களும் ஒரே பார்வையில் அங்கே அமைகின்றன. பறந்து வந்த பாறை, கடல் பார்க்கும் குரங்கு முதலிய பாறைகள் வழியிலேயே வந்துவிடும், தேடிப்போக வேண்டாம்.

லியன்ஹுவா, தியான்டு என்ற இரு பெருஞ்சிகரங்களையும் ஒரே பயணத்தில் பார்க்கத் திட்டமிட வேண்டாம். செடிகொடிகள் மீண்டு வளர்வதற்காக ஒன்றைப் பல ஆண்டுகள் மூடிவைத்து, மற்றதைத் திறந்துவைப்பார்கள். எது திறந்திருக்கிறதோ அதுவே வாய்த்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

விருந்தினரை வரவேற்கும் பைன் மரம் என்கிறார்களே, அவ்வளவு சிறப்பா?

யூபிங் கம்பிவட நிலையத்துக்குச் சற்று மேலே, பாறையிடுக்கில் நின்று, ஒரு பக்கக் கிளைகளை வழியை நோக்கி நீட்டியிருக்கும் மரம் அது. ஆயிரம் ஆண்டு வயது என்பார்கள். பெய்ஜிங்கில் மக்கள் பேரவை மண்டபத்தில் அதன் உருவம் இரும்பில் செய்த ஓவியமாக இருக்கிறது. சீனாவில் உணவகம், ரயில் நிலையம் என்று எங்கே பார்த்தாலும் அதன் படம்தான். 1980-களிலிருந்து அதற்கென்று தனிக் காவலர் இருக்கிறார். பக்கத்திலேயே தங்கி, கிளை, பட்டை, முட்டுக்கம்பு, காற்று, பூச்சி எல்லாவற்றையும் நாள்தோறும் பார்த்துக் குறித்துவைப்பது அவர் வேலை. மரத்தைவிட அந்த வேலைதான் என் மனத்தில் நின்றது. படம் எடுக்க முண்டியடிக்கும் கூட்டத்தில் மரத்தைப் பத்து நிமிடத்துக்கு மேல் பார்க்க முடியாது.

தம்பதிகள் பூட்டுப் போட்டுச் சாவியைப் பள்ளத்தில் எறிகிறார்களாமே?

ஆம். சிகரங்களின் காவல் சங்கிலிகளில் ஆயிரக்கணக்கான பூட்டுகள் துருவேறித் தொங்குகின்றன. இருவர் பெயரையும் பொறித்து, பூட்டி, சாவியை மேகத்துக்குள் வீசிவிட்டால் பிரிவே இல்லை என்பது நம்பிக்கை. பூட்டு விற்பவரே பெயரும் பொறித்துத் தருவார். நாங்கள் வாங்கவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு பூட்டுப் போட்டு என்ன ஆகப்போகிறது என்றார் என் கணவர். அதை எந்தப் பொருளில் சொன்னார் என்று நான் விசாரிக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. சேர்ந்திருப்பதைப் பற்றி அந்த மண்ணில் எதையாவது அறிய வேண்டுமென்றால் மலையிலிருந்து இறங்கிக் கிராமத்துக்குப் போக வேண்டும்.

ஹோங்ட்சுன், ஷீதி இரண்டும் ஒரே மாதிரிதானே? ஒன்று போதாதா?

இரண்டும் 2000-இல் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் ஏறியவை. இரண்டுக்கும் தனித்தனி நுழைவுச் சீட்டு, ஒவ்வொன்றும் நூறு யுவானுக்குச் சற்றுக் குறைவு. வெள்ளைச் சுவர், கறுப்பு ஓடு, கூரைக்கு மேல் படிப்படியாக எழும் குதிரைத்தலைச் சுவர் எல்லாம் இரண்டிலும் உண்டு. பக்கத்து வீட்டுத் தீ தாவாமல் தடுக்க எழுப்பிய சுவர் அது. ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் ஹோங்ட்சுன். கூட்டம் பிடிக்காதவர் என்றால் ஷீதி.

ஹோங்ட்சுன் 1131-இல் வாங் குலத்தார் குடியேறிய ஊர். படுத்திருக்கும் எருதின் வடிவம் என்பார்கள்: பின்னால் உள்ள குன்று தலை, ஊர்முனையில் இரண்டு பெருமரங்கள் கொம்பு, பாலங்கள் கால், வீட்டு வாசல்தோறும் ஓடும் வாய்க்கால் குடல், நடுவே அரைநிலா வடிவக் குளம் இரைப்பை, தெற்கே 1607-இல் வெட்டிய ஏரி வயிறு. கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் ஓடையை மறித்து ஊருக்குள் திருப்பி, ஒவ்வொரு வாசலையும் தொட்டுச் செல்லவிட்டு, குளத்தில் தேக்கி, ஏரியில் சேர்த்து, வயலுக்கு அனுப்பும் முறை இன்றும் இயங்குகிறது. காலை 8 மணிக்கு முன் குடிநீர் மட்டுமே எடுக்கலாம், துணி துவைப்பது அதன் பிறகுதான் என்பது ஊரின் பழைய கட்டுப்பாடு.

15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் குளத்தை வெட்டும் வேலையை முன்னின்று நடத்தியவர் ஹு சோங் என்ற பெண்மணி. குலத்தலைவர் வாங் சீச்சியின் மனைவி. கணவர் வெளியூரில் இருக்க, ஊர்ப் பொறுப்பு இவர் கையில் இருந்தது. குளத்தை முழு வட்டமாக வெட்டலாம் என்றவர்களிடம், நிறைந்த நிலா தேயத்தான் செய்யும், அரைநிலாவே போதும் என்று இவர் மறுத்ததாக ஊரார் சொல்கிறார்கள். குளத்தின் வடகரையில் உள்ள குல மண்டபத்தில் இவருடைய உருவப்படம் இருக்கிறது. ஆண்களின் பெயர் மட்டுமே நிலைக்கும் அத்தகைய மண்டபங்களில் இது அரிது.

ஷீதி, ஹு குலத்தாரின் ஊர். 11-ஆம் நூற்றாண்டில் தோன்றியது. வாசலில் 1578-இல் எழுப்பிய கல் தோரணவாயில் நிற்கிறது. 1691-இல் கட்டிய ஒரு வீட்டின் தெருவோர மாடத்திலிருந்து மணப்பெண் வேடமிட்டவர் பட்டுப்பந்தை எறிய, பிடித்தவர் மாப்பிள்ளை என்று ஒரு காட்சி நடத்துகிறார்கள். மனைவியுடன் வந்திருக்கும் ஆண்கள் ஓரமாக நிற்பது உத்தமம்.

அந்த வீடுகளுக்குள் என்ன பார்ப்பது? எல்லாம் இருட்டாகத் தெரிகிறதே.

வெளிச்சுவரில் சன்னல் மிகக் குறைவு. இருப்பதும் உயரத்தில், சிறியதாக. வெளிச்சமும் காற்றும் மழையும் நடு முற்றத்தின் வழியாகத்தான் வரும். கூரையின் நான்கு பக்கச் சரிவும் உள்நோக்கி இருப்பதால் மழைநீர் முழுதும் வீட்டுக்குள்ளேயே விழும். செல்வம் வெளியே போகக் கூடாது என்பது கணக்கு. இவ்வளவு உயரமான சுவர் திருடனுக்காக மட்டும் எழுப்பப்பட்டதன்று.

ஹுய்சோ என்று முன்பு அழைக்கப்பட்ட இந்தப் பகுதி மலையும் காடும், விளைநிலம் கொஞ்சம். ஆண்பிள்ளைகள் 13, 14 வயதிலேயே வணிகம் கற்க வெளியூர் அனுப்பப்பட்டார்கள். முற்பிறவியில் புண்ணியம் செய்யாதவன்தான் ஹுய்சோவில் பிறப்பான், 13-14 வயதில் வெளியே வீசி எறியப்படுவான் என்று ஒரு நாட்டுப்பாடலே உண்டு. இடையில் ஊருக்கு வந்து மணம் முடித்து, மனைவியை விட்டுவிட்டு மீண்டும் யாங்சோவுக்கோ ஹாங்சோவுக்கோ உப்பும் தேயிலையும் மரமும் விற்கப் போய்விடுவார்கள். பணம் வீடாக எழுந்தது. வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தார், மனைவி அந்த உயரமான சுவருக்குள் இருந்தார். ஹோங்ட்சுனில் 1855-இல் ஓர் உப்பு வணிகர் கட்டிய செங்சி மண்டப வீட்டின் பொன்பூசிய மரச் சிற்பங்களைப் பார்க்கும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்.

கூடத்தில் சுவரோரமாக அரைவட்ட மேசைகள் இரண்டு தனித்தனியாக இருந்தால் அவசியம் கவனியுங்கள். கணவர் ஊரில் இல்லாதபோது அவை பிரிந்திருக்கும். வந்துவிட்டால் இரண்டையும் சேர்த்து ஒரு முழு வட்டமாக்குவார்கள். உள்ளே வரும் விருந்தினர் ஒரு பார்வையில் புரிந்துகொண்டு, அதற்குத் தக்கபடி இருப்பார் அல்லது கிளம்புவார்.

அந்த மேசை பல வீடுகளில் பின்னர் சேரவே இல்லை. அருகிலுள்ள ஷே மாவட்டத்தில், கைம்பெண்களின் கற்பைப் போற்றி எழுப்பிய தோரணவாயில்களைப் பார்க்கலாம். தாங்யுவே என்ற இடத்தில் வரிசையாக நிற்கும் ஏழில் இரண்டு அவ்வகை. மாவட்டத்தின் பழைய நகரில் உள்ளது 1905-இல் செங்கல்லில் எளிமையாகக் கட்டிய ஒன்று. ஹுய்சோவின் 65,078 பெண்களுக்கும் சேர்த்து அந்த ஒரே வாயில்தான். தனித்தனியாகக் கட்ட இயலாமல் மொத்தமாக முடித்துவிட்டார்கள். மலையைப் பார்த்த களைப்பில் பலரும் ஷே மாவட்டத்தைத் தவிர்க்கிறார்கள். என்னைக் கேட்டால், பறந்து வந்த பாறையைத் தவிர்த்துவிட்டு இங்கே வருவேன்.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், விழிப்பாக இருக்க வேண்டும். மூங்கில் குருத்து, காளான், கீரை, டோஃபு எல்லாம் தாராளம். ஆனால் பன்றிக் கொழுப்பில் வதக்குவது இங்கே வழக்கம். ஹுவாங்ஷான் சுட்ட ரொட்டி என்று தெருவெல்லாம் விற்கும் மொறுமொறுப்பான சிறு ரொட்டிக்குள் ஊறவைத்த கீரையோடு பன்றியிறைச்சியும் இருக்கும். இறைச்சி, மீன், முட்டை, பன்றிக் கொழுப்பு வேண்டாம் என்று விடுதிக்காரரிடம் சீனத்தில் எழுதி வாங்கிக் கையில் வைத்துக்கொள்வது மொழிபெயர்ப்புச் செயலியைவிட உதவும்.

ரோம டோஃபு என்று ஒன்று உண்டு. வெண்மையான பூஞ்சை முடி முளைக்கும் வரை டோஃபுவைப் புளிக்கவைத்து, எண்ணெயில் பொரித்து, மிளகாய்க் குழம்பு தடவித் தருவார்கள். பார்க்கத்தான் ஒரு மாதிரி, சுவை நன்றாக இருக்கும். அசைவர்களுக்கு நாற்றமடிக்கும் மீன் காத்திருக்கிறது. உப்பிட்டு நொதிக்கவைத்த ஆற்றுமீன். என் கணவர் சாப்பிட்டார், மேசையின் மறுமுனையில் நான் இருந்தேன்.

மொழி, பணம், கைபேசி?

ஆங்கிலம் ஏறக்குறைய இல்லை. பணம் செலுத்த உதவும் அலிபே, வீசாட் செயலிகளில் வெளிநாட்டு அட்டையை ஊரிலிருந்தே இணைத்துக்கொள்ளுங்கள். தேநீர்க்கடை வரை அதுதான். கணவன் மனைவி இருவர் கைபேசியிலும் தனித்தனியாக இருக்கட்டும். ஒருவர் மலையின் கிழக்கிலும் மற்றவர் தெற்கிலும் இருக்கும்போது பணப்பை ஒருவரிடம் மட்டும் இருந்தால் சிக்கல். வாட்ஸ்அப், கூகுள் எதுவும் உள்ளூர் இணையத்தில் வராது. நம் ஊர் சிம்மில் வெளிநாட்டு ரோமிங் போட்டுக்கொண்டால் வரும். ரயில் சீட்டு, மலைச் சீட்டு, விடுதி எல்லாவற்றுக்கும் மூலக் கடவுச்சீட்டைக் கேட்பார்கள்.

வாங்கிவர என்ன இருக்கிறது?

தேயிலைதான். ஹுவாங்ஷான் மாவ்ஃபெங் பச்சைத் தேயிலையின் மொட்டு மெல்லிய வெண்முடியுடன் இருக்கும். தைப்பிங் ஹோகுய் இலை தட்டையாக, விரல் நீளத்துக்கு இருக்கும்; உயரமான கண்ணாடிக் குவளையில் போட்டால் செங்குத்தாக நிற்கும். பால் சேர்த்துக் குடிப்பவர்கள் இரண்டையும் விட்டுவிட்டுச் சிமென் கறுப்புத் தேயிலையை வாங்கலாம். மலையில் வாங்க வேண்டாம். துன்ஷி பழைய தெருவில் கடைக்குக் கடை கொதிநீர் ஊற்றிக் கொடுத்துக் குடிக்கச் சொல்வார்கள், அங்கே நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்டு வாங்குங்கள். அதே தெருவில் கிடைக்கும் ஹுய் மைக்கட்டியும் அதை உரைத்துக் குழைக்கும் ஷே மைக்கல்லும் பெயர்பெற்றவை. மைக்கல் எடை அதிகம், விமானத்தில் எடை வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.